எட்டுக் கால் எறும்பு

அந்த எறும்பு, செத்த எறும்பு ஒன்றை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடந்தது. கெசீனா குனிந்து பார்த்தாள். அதற்குக் கால்கள் எட்டு.

"எறும்பில்ல, சிலந்தி," என்றான் அவள் கணவன் லோதார். "தெற்கேயிருந்து சரக்கு ரயில்ல டிக்கெட் இல்லாம வந்த பய. ஒரு எறும்பைக் கொன்னுட்டு, அதைக் காட்டிக்கிட்டே மத்ததுங்க நடுவுல போவான். அதுங்க தடவிப் பாத்துட்டு, நம்ம ஆளுதான்னு விட்டுடும்."

"நிஜமாவா?"

"உன் தங்கச்சி புருஷன் மாதிரி. சிரிச்ச மூஞ்சியை முன்னாடி விட்டுட்டு, பின்னாலயே சாப்பிட வந்துடுவான்."

அவள் சிரிக்கவில்லை. ரயில்பாதையை ஒட்டிய அவர்களுடைய வாடகைத் தோட்டத்தில் சில நாளாக உயிருள்ள எறும்பே இல்லை. குடிலின் படிக்கு அடியில் மட்டும் பொடிக்கல்லை ஒட்டிக் கட்டிய சின்னச் சின்னச் சிலந்திக் கூடுகள், கவிழ்த்த கிண்ணங்கள் போல. இன்று குருவிச் சத்தமும் இல்லை.

பாத்தி ஓரத்துக்குக் கல் போதவில்லை. லோதார் வாளியை எடுத்தான். ரயில்மேட்டில் ஜல்லி திருடாத தோட்டக்காரர் அங்கே யாருமில்லை.

"காபி போட்டு வை. வந்துடறேன்."

மேசையை விரல்முட்டியால் இருமுறை தட்டிவிட்டுப் போனான். வந்தாலும் போனாலும் மேசையைத் தட்டுவதுதான் அந்த ஊர் வணக்கம். அவன் தட்டினால் எலும்போடு மோதிரமும் ஒலிக்கும்.

காபி ஆறியது. மேட்டிலிருந்து ஜல்லி உரசும் ஓசை விட்டுவிட்டு வந்தது. வாளியை நிரப்பும் ஓசையாக இல்லை, ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து, பொறுமையாக, எதையோ கட்டுகிற ஓசை. துருவும் ஈர மண்ணும் கலந்த வாடை குடிலுக்குள் நுழைந்தது. அவள் சன்னலைச் சாத்தினாள். அந்தி வெளிச்சத்தில் மேட்டின்மேல் ஒரு ஜல்லிக் குவியல் தெரிந்தது. கவிழ்த்த கிண்ணம். ஆள் உயரம். காலையில் அது இல்லை.

"லோதார்?"

ஓசை நின்றது.

 பிறகு கதவில் இரண்டு தட்டல். எலும்பு. மோதிரம்.

"பூட்டலையே. எதுக்குத் தட்டற?"

 மறுபடி இரண்டு.

திறந்தாள். லோதாரின் முகம். மிக அருகில். சற்றுச் சாய்ந்து.

"விளையாடாதே."

கை நீட்டிக் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. பார்வை கீழே இறங்கியது. அவன் காலணிகள் படியைத் தொடவில்லை. தோளுக்குப் பின்னால் இருட்டு மெல்ல அசைந்து நின்றது.

லோதாரின் கை தூக்கப்பட்டது. திறந்த கதவில் இருமுறை தட்டியது.