இரண்டு விரல்

“ப்ளீஸ் ஹோல்ட் ஆன்” என்றது பேருந்து.

சத்திரம் நிலையத்திலிருந்து தில்லைநகர் செல்லும் அந்த ஓட்டுநரில்லாப் பேருந்தில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பதினோரு பேர் கம்பியைப் பிடிக்கவில்லை. வலக்கையைத் தாழ்த்தி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சற்று நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். நான்கு வயதுக் குழந்தை எட்டிப் பிடிக்கும் உயரம் அது. பேருந்து உலுக்கிக் கிளம்பியதில் கண்ணாடி அணிந்த ஒருவர் பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்தார்.

“பாத்து நில்லுங்க சார்.”

“மன்னிச்சுக்குங்க. பாப்பா கை...” என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்குத் திருமணமே ஆகவில்லை.

ஜெனோவாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அவளுடைய இரண்டு விரல்களையும் ஈரமான ஒரு சின்னக் கை பற்றியிருந்தது. முழங்கால்வரை குளிர்ந்த நீர் இழுத்தது. எங்கிருந்தோ ஓர் ஆண்குரல் “ஹோல்ட் ஆன்! ஹோல்ட் ஆன்!” என்று கத்தியது. “அம்மா, செருப்பு” என்றது ஒரு குழந்தை. அவ்வளவுதான். மறுநொடி ஜன்னலுக்கு வெளியே உறையூர்க் கடைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் பொருள் வேறாகிவிடும். ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள். இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு முடிந்ததும் மறந்தார்கள். சொற்பதியம் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஒரு சொல்லை உண்மையாகவே வாழ்ந்த யாரோ ஒருவரின் ஒரு நொடியை அவர் மூளையிலிருந்து பிரித்தெடுப்பார்கள். கற்பவரின் மூளையில் அதை நட்டுவிடுவார்கள். பொருள் தானே வேர்விடும். கொடுத்தவரிடம் அந்த நொடி இருக்காது; திருப்பி நட்டாலும் எடுத்த இடத்தில் அது மறுபடி பிடிக்காது.

ஜெனோவா தனியார் மருத்துவமனைச் செவிலி. அயல்நாட்டு வேலைக்கான மொழித்தேர்வு வரும் வியாழக்கிழமை. அதற்காக முந்நூறு சொற்களைப் பதித்துக்கொண்டிருந்தாள். தீர்ந்துபோவதைச் சொல்லும் ‘ரன் அவுட்’ என்றால் அரிசி டின்னின் அடியில் டம்ளர் உரசும் ஓசை அவளுக்குக் கேட்கும். மீண்டு வருவதைச் சொல்லும் ‘கெட் ஓவர்’ என்றால் நெடுநாள் காய்ச்சலுக்குப் பிறகு யாரோ குடித்த முதல் வாய் ரசம் நாக்கில் இறங்கும். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ‘ஹோல்ட் ஆன்’ மட்டும் தொந்தரவு செய்தது. குழந்தைக்கு என்ன ஆனது என்று தெரியாமலே நொடி முடிந்துவிடுகிறது. அதைப் பதித்துக்கொண்ட அறுபதாயிரம் பேரும் அந்தத் தவிப்போடுதான் உறங்கி எழுந்தார்கள்.

தில்லைநகர்ப் பதியக்கூடத்தில் சாதிக் வழக்கம்போல் வரவேற்றான். கருவிகளை இயக்குபவன் அவன்.

“வாங்க சிஸ்டர். ரன் அவுட்டுன்னா இப்பவாச்சும் கிரிக்கெட் ஞாபகம் வராம இருக்கா?”

“அரிசிதாண்ணே வருது. என்னத்துக்கு வரச்சொன்னீங்க?”

“களையெடுப்பு. ‘ஹோல்ட் ஆன்’ சரக்கு கோளாறாம். மாடிப்படியில நாலு பேர் விழுந்துட்டாங்க. புதன்கிழமைக்குள்ள எல்லாரும் அதைப் பிடுங்கிட்டுப் புதுசு நட்டுக்கணும். இல்லாட்டித் தேர்வு எழுத விடமாட்டாங்க.”

“பிடுங்குனதை என்ன பண்ணுவீங்க?”

“அழிச்சுருவோம். மூலத்தையும் சேத்துத்தான்.”

காத்திருப்போர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்தார். நாற்பது வயதிருக்கும். வெளுத்த பருத்திப் புடவை, கையில் துணிப்பை.

“அழிச்சுருவீங்களா தம்பி?”

சாதிக்கின் முகம் மாறியது. ஜெனோவாவிடம் தணிந்த குரலில் சொன்னான். “தமயந்தி அக்கா. வெள்ளிக்கிழமை தவறாம வருவாங்க. அந்த நொடி இவங்களுதுதான். திருப்பிக் கேக்குறாங்க. நான் என்ன செய்ய?”

ஜெனோவா தன்னையறியாமல் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு போய் அவர் அருகில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க பொண்ணு... எனக்குள்ளயும் இருக்கா.”

தமயந்தி அவளை வெறித்துப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது அவர் குரல் சமநிலையில்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில் உணவகச் சமையலறை வேலை. வெள்ளம். படகில் வந்த ஒருவர் கத்தியது. நான்கு வயதுப் பூவிழி போய்விட்டாள்.

“போயிட்டான்னு தெரியும்மா. பேப்பர்ல படிச்ச சேதி மாதிரி தெரியும். எட்டு மாசம் என்னால கையைத் தண்ணியில வைக்க முடியல. ஒரு பாத்திரம் கழுவ முடியல. கொடுத்துட்டா வலி போயிரும்னாங்க. போயிருச்சு.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். “இப்ப வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. நான் விட்டேனா, அவ விட்டாளா? பெத்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? அதைக் கேக்கத்தான் வாரா வாரம் வர்றேன்.”

“விட்டதும் விடாததும் அதுல இல்லக்கா” என்றான் சாதிக். “சொல்லோட பொருளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வெட்டி வெச்சாங்க. மிச்சத்தை அப்பவே தூக்கிப் போட்டாச்சு.”

ஜெனோவா கண்ணை மூடி ஒரு கணம் ஆண்டவரை நினைத்தாள். பிறகு தமயந்தியின் வலக்கையை எடுத்து, கடைசி இரண்டு விரல்களை மட்டும் பற்றினாள்.

“இப்படித்தான் பிடிச்சிருந்தா. முதல்ல லேசா. அப்புறம் கட்டைவிரல் நகம் பதியுற மாதிரி.”

தமயந்தி மூச்சை இழுத்துக்கொண்டார். “ஏதாச்சும் சொன்னாளா?”

“அம்மா, செருப்புன்னு சொன்னா.”

“பாவி மக! புதுச் செருப்பு. தூங்குறப்பக்கூடக் கழட்டமாட்டா.” சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. “பயந்திருந்தாளாம்மா?”

“இல்லக்கா. செருப்பைப் பத்தித்தான் கவலை. நீங்க பிடிச்சிருக்கீங்கல்ல, அதனால பயமில்ல.” பிடியை அவள் இறுக்கினாள். “நீங்க விடலக்கா. எனக்குள்ள நீங்க ஒரு தடவைகூட விட்டதில்ல. அறுபதாயிரம் பேர்ல யாரை வேணா கேளுங்க. ஒருத்தர்கிட்டயும் நீங்க விடல.”

“புதன்கிழமைக்கு அப்புறம் யாரைக் கேப்பேன்?”

ஜெனோவா பிடித்த விரல்களை விடவில்லை. சாதிக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

“புதுப் பதியம் யாரோடதுண்ணே?”

“ராட்டினத்துல தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் சிரிக்கிறான். அரைகுறையா இருக்குன்னு மேலேயே திட்டு. நல்லதா ஒண்ணு கிடைச்சா அனுப்பச் சொல்லியிருக்காங்க.”

“இந்த நொடியை எடுத்துக்குங்க. நான் பிடிச்சிருக்குறதை.”

சாதிக் பதறினான். “யோசிச்சுப் பேசுங்க சிஸ்டர். இந்தக் கால்மணி நேரமே உங்ககிட்ட இருக்காது. இந்த அக்கா யாருன்னே தெரியாது. உங்க நொடியை உங்ககிட்டயே திருப்பி நட்டா வேர்விடாது, அதனால அந்த ஒரு சொல்லை அகராதியில பாத்துத்தான் படிக்கணும்.”

“தெரியாதவங்களைப் பாத்துக்குறதுதானேண்ணே எங்க வேலை.”

தமயந்தி வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் விரல்களை இழுத்துக்கொள்ளவில்லை.

களையெடுப்பு முடிந்தது. நிறுவனம் மகிழ்ந்தது. ஜெனோவா கொடுத்த புதுப் பதியத்தால் யாரும் எங்கும் விழவில்லை. கைக்கு எட்டியதை உறுதியாகப் பற்றிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வெயிலில் தேர்வுக்கூட வாசலில் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஜெனோவாவை ஒரு முறை பார்த்து வாழ்த்திவிட்டுப் போகலாம் என்று தமயந்தி வேப்பமரத்தடியில் காத்திருந்தார். வாசல் ஒலிபெருக்கி அறிவித்தது.

“ப்ளீஸ் ஹோல்ட் ஆன் டு யுவர் ஹால் டிக்கெட்ஸ்.”

வரிசை அசைவற்றுப் போனது. முதலில் நின்ற இளைஞன் திரும்பினான். அவன் கண் தமயந்தியின் முகத்தில் விழுந்தது. கோயிலில் கூட்டம் விலகித் திடீரென்று கருவறை தெரிந்தவனைப் போல் நின்றான். பிறகு நேராக வந்து அவருடைய கடைசி இரண்டு விரல்களைப் பற்றினான். முதலில் லேசாக. அப்புறம் கட்டைவிரல் நகம் பதியும்படி.

“நீங்க விடலக்கா” என்றான்.

அவன் பின்னால் ஒரு பெண். “நீங்க விடலக்கா.” அவளுக்குப் பின்னால் தாடிக்காரர் ஒருவர், தமயந்தியைவிட மூத்தவர். “நீங்க விடலக்கா.” ஒரே குரலிறக்கம், ஒரே இடத்தில் மூச்சு. யாருக்கும் தான் ஏன் வந்தோம் என்று தெரியவில்லை. யாரும் வராமலும் இருக்கவில்லை. பத்துப்பேர்வரை தமயந்தி அழுதார். ஐம்பதாவது ஆளிடம், “நெசமாவா? நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டார். அந்த ஆள் விழித்தார். பிடியை இறுக்கி மறுபடி அதையே சொன்னார். அப்போதுதான் தமயந்திக்குப் புரிந்தது. இவர்கள் சாட்சிகள் அல்லர். இவர்களிடம் இருந்தது ஜெனோவாவின் ஆறுதல் மட்டுமே. அந்த ஆறுதலுக்கு அடியில் இருந்த ஈரக்கை இப்போது யாரிடமும் இல்லை. விரல்கள் சிவந்து வலித்தன. மயக்கமாக வந்தது.

வரிசையின் கடைசியில் ஒருத்தி மட்டும், அறிவிப்பில் சொன்னபடி, நுழைவுச்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ‘ஹோல்ட் ஆன்: பிடித்துக்கொள், விடாதே’ என்று முந்தின நாள்தான் அகராதியில் மனப்பாடம் செய்திருந்தாள். மரத்தடியில் யாரோ சரிவதைக் கண்டதும் சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“தள்ளுங்க எல்லாரும். காத்து வரட்டும். என்னங்க இது, மயங்குறவங்களைச் சுத்தி நின்னு கையைப் பிடிச்சு இழுக்குறீங்க?”

தமயந்தியை மரத்தில் சாய்த்து உட்காரவைத்தாள். தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். மணிக்கட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உனக்கு என்னைத் தெரியலையாம்மா?”

“இல்லீங்கக்கா. பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிரும்.”

“இவங்கெல்லாம் நான் விடலைன்னு சொல்றாங்க. உனக்கு என்ன தோணுது?”

“எதைன்னு தெரியலையேக்கா. தெரியாம எப்படிச் சொல்றது?”

அந்தப் பதிலைக் கேட்டு ஏனோ தமயந்தியின் நெஞ்சு சற்று இளகியது. உள்ளே முதல் மணி அடித்தது. மற்றவர்கள் எல்லோரும் உறக்கத்திலிருந்து எழுந்தவர்கள்போல வாசலை நோக்கி ஓடினார்கள்.

“போம்மா. கதவைச் சாத்திருவாங்க.”

“நாடி படபடன்னு இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க.”

ஜெனோவா மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். மணிக்கட்டில் பதிந்திருந்த அந்த விரல்களைத் தமயந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் இந்தப் பெண்ணுக்குள் இதைப் பதியம் போட்டிருக்கவில்லை.