பெயருக்கான இடம்

"இதோ வரேன்" என்று பக்கத்து அறையில் அப்பா சொன்னார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

அனிருத் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அப்பாவின் காது மெஷின் அவன் மேசைமேல், மானிட்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அது இல்லாமல் அப்பா ராமமூர்த்திக்குக் காலிங் பெல்கூடக் கேட்காது.

ஜனவரி. ஜனக்புரியில் சில நாட்களாக மூடுபனி விலகவே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு டியூப்லைட் போட வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கும் பூங்காவும் கீழே இஸ்திரிக்காரனின் வண்டியும் வெள்ளைக்குள் போய்விட்டிருந்தன, அவன் கரியின் வாசனை மட்டும் ஈரக் கம்பளி நாற்றத்தோடு பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக நுழைந்து வீட்டுக்குள் தங்கியது. பள்ளிக்கூடம் லீவு. மனைவி ஜலஜா பேங்குக்குப் போயிருந்தாள். மகள் ஸ்வப்னா கூடத்தில் ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா ஃபோன் இல்லாமலே ஃபோன் பேசறார்" என்றாள்.

"நீ சும்மா இரு, மிஸ் அனிருத்."

"அப்படிக் கூப்பிடாதே. அது மேம் மட்டும்தான் கூப்பிடுவா."

டில்லியில் எல்லோரும் குடும்பப் பெயர் கேட்பார்கள். இவர்களுக்கு அது கிடையாது. அந்த இடத்தில் அப்பா பெயரை எழுதுவார்கள். ஆபீசில் எல்லோருக்கும் அனிருத் வெறும் ராமமூர்த்தி. பள்ளியில் அவள் ஸ்வப்னா அனிருத். வகுப்பில் வேறு ஸ்வப்னாக்களும் இருந்ததால் டீச்சர் அவளை வெறும் அனிருத் ஆக்கிவிட்டார்.

அவன் திரைக்குத் திரும்பினான். கம்பெனி தயாரித்த டெக்ஸ்ட் எடிட்டர் வாடிக்கையாளரிடம் போகவிருந்தது. நிரல் வரிகளுக்கு நடுவே எழுதியிருக்கும் விளக்கக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது அவன் வேலை. எழுத்துப்பிழைகள். எப்போதோ மாறிவிட்ட செயலுக்கு இன்னும் நிற்கும் பழைய விளக்கம். குறிப்பை மாற்றுவதால் எடிட்டருக்கு ஒன்றும் ஆகாது. இயந்திரம் குறிப்புகளைப் படிப்பதில்லை.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பொறுப்பாளர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. எல்லாவற்றிலும் அது காலியாக இருந்தது. அதன் கீழே, இதற்கு முன் இந்த வேலையைப் பார்த்த வேதாந்தம் எழுதியிருந்தான்: இங்கே யார் பெயரையும் எழுத வேண்டாம்.

வாடிக்கையாளருக்குப் பெயர் வேண்டும். அதனால் காலையில் அனிருத் அந்த வரியை எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டு, ஆபீஸ் அட்டையில் உள்ளபடி ஒரே கட்டளையில் நிரப்பியிருந்தான். ராமமூர்த்தி, ஏ.

"ஆமாம், ராமமூர்த்திதான்" என்றார் அப்பா. இப்போது குரல் கூடத்திலிருந்து வந்தது.

அனிருத் எழுந்து போனான். அப்பா மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, பால்கனிக் கதவின் முன் நின்றார்.

"எங்கேப்பா கிளம்பிட்டே?" அவர் காதருகே கத்தினான்.

"கூப்பிட்டுண்டே இருக்காளே. உனக்குக் காது கேக்கலையா?"

ஸ்வப்னா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் பார்வை கண்ணாடிக்கு அப்பால், பனியில், தன் உயரத்துக்கு நேரே நின்ற எதையோ பார்ப்பதுபோல் இருந்தது.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அனிருத் ஆபீசுக்கு ஃபோன் போட்டான். எடுத்தவர் அவன் மேலதிகாரி கலியமூர்த்தி.

"சார், வேதாந்தம் ஏன் பேர் போட வேண்டாம்னு எழுதியிருக்கார்?"

"அந்த வரிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மொதல்ல அவன் பேரைத்தான்யா போட்டிருந்தான். மறுநாள் வேலைக்கு வரல. நான்தான் போய்க் கதவ ஒடச்சேன். உள்தாழ்ப்பாள். மேசையில டீ, ஆவி வந்துகிட்டிருக்கு. ஆள் இல்ல."

"பேரை அழிச்சுட்டா?"

"அவனே அழிச்சுப் பார்த்துட்டானே, எழுதியும் வச்சானே. காலி எடம் இனிமே வர்றவனைத்தான் காப்பாத்தும். ஏற்கெனவே பேர் எழுதினவனை இல்ல. வேற பேரப் போட்டாத்தான் விடும்." குரல் இறங்கியது. "என் பேரப் போட்டுடாதடா. புள்ளகுட்டிக்காரன் நான்."

கூடத்தில் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

ஓடினான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். குழாய்த் தண்ணீர் போல் சில்லிட்டிருந்தது. இழுத்தான். எழுபது வயதுக் கை அசையவில்லை. கதவு திறந்தது. பனி தரையோடு தரையாக உள்ளே வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார் அப்பா, யாரையோ சமாதானப்படுத்துவதுபோல்.

அவன் மேசைக்கு ஓடினான். யார் பெயர்? கலியமூர்த்தி பெயரைத் தட்ட ஆரம்பித்தான். முதல் எழுத்தோடு விரல் நின்றது. அழித்தான்.

அப்பா ஒரு காலைப் பால்கனியில் வைத்துவிட்டார்.

தன் பெயர். தன் பெயர் மட்டும். அப்பா பெயர் ஒட்டாமல்.

அனிருத்.

எல்லாக் கோப்புகளிலும். சேமித்தான்.

அப்பா நின்றார். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "இங்கே எதுக்குடா வந்தேன்?"

அனிருத் அவரை அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தான். போர்த்தினான். நெற்றியைத் தடவினான். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தான். இனி அது தன்னைக் கூப்பிடும். ஜலஜாவுக்கு ஃபோன் செய்யலாமா என்று யோசித்தான். என்ன சொல்வது? இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

மானிட்டரின் முனகல்.

கரி வாசனை.

யாரும் கூப்பிடவில்லை.

காதைத் தீட்டினான். ஒன்றுமில்லை. பென்சில் சீவும் சத்தம்கூட இல்லை.

பென்சில் சத்தம் எப்போது நின்றது?

கூடத்திலிருந்து ஸ்வப்னாவின் குரல் கேட்டது. தெளிவாக, அடக்கமாக, வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல்.

"பிரசென்ட், மேம்."

ரஜாய் அவள் உட்கார்ந்த வடிவத்தில் குவிந்து கிடந்தது. உள்ளே இன்னும் சூடு. பால்கனிக் கதவு திறந்தபடியே இருந்தது. அவன் சாத்தவில்லை.

"ஸ்வப்னா!"

கம்பிக்கு அப்பால், தரை இல்லாத இடத்தில், அவன் நிற்கும் மட்டத்திலேயே, பனிக்குள் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் நடந்துபோனது. வலது கை உயர்ந்திருந்தது.

"ஸ்வப்னா!"

அவளைக் கூப்பிட்டது அந்தப் பெயர் அல்ல, வகுப்பில் கூப்பிடும் பெயர். அவள் திரும்பவில்லை. சிவப்பு வெளிறியது. கை மட்டும் கடைசிவரை இறங்கவில்லை.