சப்பாத்துக்குள் கடல்

வரதராசா கட்டுகஸ்தோட்டைக்கு எங்கள் வீடு தேடி வந்த பகல், நல்ல மழை. எங்கேயோ குண்டு வெடித்து, கண்டி முழுக்கக் கரண்ட் இல்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

கப்பல் கொம்பனிக்காரர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தபின், அக்காவின் கணவர் நவரட்ணராஜா அத்தான் எலக்ட்ரீசியனாகப் போனது அவர்களுடைய பயணிகள் கப்பலுக்குத்தான். கப்பல் மூழ்கியது. அத்தானும் திரும்பவில்லை.

"அவர் நித்திரையாப் போய் ஜெனரேட்டரைப் போடேல்லை எண்டு நாளைக்கு விசாரணையில ஒத்துக்கொள்ளுங்கோ அக்கா. காரியம் முடிஞ்சிடும்."

பத்மாதேவி அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தினை தரம் சொல்லுறது? அவசர ஜெனரேட்டர் மேல்தட்டில இருக்கவேணும். நீங்கள் அங்க டான்ஸ் ஹோல் கட்ட, அதைக் கீழ இறக்கினியள். இவர் லீவில வரேக்கையெல்லாம் இதைத்தான் புலம்பினவர். வெள்ளம் வர முதல்ல அதுதானே மூழ்கும்? கரண்ட் இல்லாம தண்ணி மறிக்கிற இரும்புக் கதவுகள் எப்பிடிப் பூட்டும்?"

"அது தலைமைக் கந்தோர் முடிவு..."

"ஞாயிறு வெளிக்கிடுற மற்றக் கப்பலிலயும் கீழதானே?"

"அதுவும் தலைமைக் கந்தோர்தான்..."

"உங்கட தலைமைக் கந்தோரும் நிலத்துக்குக் கீழயோ தம்பி இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு மணமும் வந்தது. டீசலும் உப்பும்.

கண்டியில் ஏது கடல்?

சுவருக்குள் கனத்த இரும்புக் கதவொன்று உரசி நகரும் சத்தம் கேட்டது.

பாதியில் நின்றது.

"தண்ணி," என்றார் வரதராசா மெதுவாக. "தண்ணி ஏறுது."

நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த சீமெந்து. ஆனால் அவருடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது.

கதிரைக்குப் பின்னால் அத்தானின் குரல் கேட்டது. சொல்லிச் சொல்லிக் களைத்த குரல்.

"கீழ வைக்காதேங்கோ எண்டு சொன்னனான்தானே."

"ஓம்! கீழதான் இருந்தது! விசாரணையில சொல்லுறன்!" வரதராசா வெறுங்காலோடு மழைக்குள் ஓடினார்.

விசாரணையில் அவர் வாயே திறக்கவில்லை. அக்கா சொன்னதற்கு விசாரித்தவர்கள் "பார்ப்போம்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மற்றக் கப்பல் வெளிக்கிட்டது.

வாசலில் கிடந்த அவருடைய சப்பாத்துகளில் தண்ணீர். மழைதானே என்று ஊற்றினேன். ஈர விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மழை விட்டுவிட்டது. வெயிலில் கவிழ்த்து வைத்தாலும் விடியும்போது நிமிர்ந்து நிரம்பியிருக்கின்றன.

"இனி ஊத்தாதை," என்கிறாள் அக்கா. "ஊத்துற தண்ணி எங்க போகுதோ? ஞாயிறு போன கப்பல்ல ஆக்கள் இருக்கினம்."

இன்று காலை சப்பாத்துக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு செருப்பொன்றும் கிடந்தது. எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை.

அதுவும் நிரம்பியிருந்தது.