எதிர்ப்பக்கச் சுற்று

ஆறு மாதத்துக்கு முன் செய்த வேலை என்றாள் வீட்டுக்காரி சுகுணா. ஆனால் குழாய் மரையில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் தூசியே இல்லை.

பேளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்த பிளம்பர் வேல்முருகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, ஈர மரமும் அழுகிய பலாச்சுளையும் கலந்து நாறிய அலமாரிக்குள் தலையையும் தோளையும் நுழைத்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் அந்த அசிங்கத்தைப் பார்த்தான். மலைமேல் வளப்பூர் நாட்டில் சுற்றுலாக்காரர்களுக்கென்று கட்டிய வீடு. வாசலில் தேக்குக் கதவு, உள்ளே இந்த லட்சணம். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு சாண் சந்தில் இணைப்பை வைத்து, நாலு புறமும் சிமெண்ட் பூசி, கை நுழைய ஓர் ஓட்டை மட்டும் விட்டிருந்தார்கள். கையை விட்டால் எதுவும் தெரியாது.

"இந்தக் கூத்த அடிச்சது யாருங்க?"

"ராசப்பன்னு ஒருத்தருங்க. பாதி வேலையில எங்கயோ போயிட்டாரு. சாமான் பையக்கூட எடுக்க வரலீங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவான்? டேப்பையே எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கான். முறுக்க முறுக்க அவுந்துக்குமுங்க. இவன் கையில ஸ்பேனரக் குடுத்தவனச் சொல்லோணும்."

அவள் சிரித்தபடி, பனி இறங்குமுன் காயப்போட்ட மிளகை அள்ள வாசலுக்குப் போனாள்.

வேல்முருகன் கையை விட்டான். ஓட்டையின் விளிம்பு மணிக்கட்டைச் சிராய்த்தது. பிழைப்பே இந்த வலது கைதான். ஒரு மடையனுக்காக அதைக் கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. இணைப்பைக் கழற்றி, பழைய டேப்பை உரித்து, தடவித் தடவிப் புதிதாகச் சரியான பக்கம் சுற்றினான். கையை எடுத்து வெளிச்சம் காட்டினான்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

இருபது வருஷத் தொழிலில் அவன் இப்படிச் செய்ததே இல்லை. மறுபடி உரித்தான். மறுபடி சுற்றினான், ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணி. ஐந்து. கையை எடுத்தான்.

எதிர்ப்பக்கம். ஐந்து சுற்று.

மூன்றாம் முறை கை மரையைத் தொடவே இல்லை. ஏதோ அதைப் பிடித்தது. ஈரமாக. நிதானமாக.

இழுத்தான். வரவில்லை. சுண்டுவிரலில் மெல்லிசாக ஒன்று ஒட்டியது. ஒரு சுற்று. இன்னொன்று. அடுத்த விரல்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?" வாசலிலிருந்து சுகுணா கேட்டாள்.

வாயைத் திறந்தான்.

"இன்னும் நாலு சுத்துத்தானுங்க," என்றது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சரிங்க," என்றாள் அவள்.

டேப் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. இறுக்கமாக. எதிர்ப்பக்கமாக.