இரு கரையிலும் காணாத ஆண்டுகள்

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். கல்யாணத்துக்காக ஊறவைத்த மேசைவிரிப்புகளை அலசப் போன பாஹியாவின் விரலில், வாளியின் அடியில், ஏதோ கெட்டியாகத் தட்டியது. வெளியே எடுத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மூலைகளிலிருந்து ப்ளீச்சிங் தண்ணீர் சொட்டியது.

அவள் கத்தவில்லை. கூடத்துக்கு வந்து, கணவர் முக்தாரின் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

முக்தார் அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். பாதி கரைந்திருந்தாலும் அது அவர் கையெழுத்துதான்: 1996 முதல் 1998 வரை.

எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த வஸீலா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முக்தாரின் தங்கை மகள். அன்னாபாவில் போலீஸ் இன்ஸ்பெக்டர். வியாழக்கிழமை முக்தாரின் மகள் நர்ஜிஸுக்குக் கல்யாணம் என்று விடுப்பில் வந்திருந்தாள். 

வெளியே கொன்ஸ்தந்தீன் நகரத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி ஜன்னல் கம்பிகளை நனைத்துக்கொண்டிருந்தது.

முக்தார் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு குளிர்காலம் அசையாமல் உட்கார்ந்து, மூன்று தலைமுறைப் படங்களையும் ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாக ஆறு ஹார்ட் டிஸ்க்குகளில் அடுக்கியிருந்தார். அவை கண்ணாடி அலமாரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. வஸீலா பெட்டியைத் திறந்தாள். மற்ற ஐந்தும் பத்திரமாக இருந்தன.

“இன்னொரு நகல் இருக்குன்னு சொன்னீங்களே மாமா?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம், தூனியா வீட்ல. இந்த வீடு எரிஞ்சாலும் தீ பள்ளத்தாக்கைத் தாண்டாதில்ல. அதனால அங்க ஒரு செட்.”

தூனியா, முக்தாரின் அக்கா. வஸீலா போன் செய்தாள். மறுமுனையில் செருப்புச் சத்தம் போயிற்று, வந்தது. தூனியாவின் குரல் மெலிந்திருந்தது. “அஞ்சுதான்டி இருக்கு. தொண்ணூத்தாறு போட்டது இல்ல.”

முக்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

“அது என்ன காலம்னு உனக்குத் தெரியும் வஸீலா, உள்நாட்டுச் சண்டை. கதவு தட்டினா யாருன்னு கேக்கவே பயந்த காலம். அப்ப யார் யாரோட நின்னாங்கன்னு படத்துக்குத்தான் தெரியும். யாரோ ஒரு முகத்தை அழிக்கப் பாக்கறாங்க.”

“யாரோட முகத்தை?”

அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை இல்யாஸும் அவன் தாய் ஜகியாவும் மட்டுமே அங்கே. தகப்பன் இறந்து வருஷமாயிற்று.

“இல்யாஸோட சித்தப்பன் அப்ப ஆயுதக்காரங்களோட சேர்ந்து மலைக்கு ஏறிட்டான்னு ஊரே பேசிச்சு.”

“பேசிச்சு. யாராவது பாத்தாங்களா?”

“புதன்கிழமைக்குள்ள இதை யார் செஞ்சதுன்னு தெரியணும். தெரியலைன்னா கல்யாணம் கிடையாது. ரத்தம் பட்ட வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்.”

உள்ளே நர்ஜிஸின் அறைக் கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

பத்து மணிக்கு வஸீலா ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள்.

“படங்களை எதை வெச்சுப் பிரிச்சீங்க மாமா?”

“ஒவ்வொண்ணு பின்னாடியும் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். மாசம், வருஷம், பிலிம் சுருள்ல எத்தனையாவது படம், எல்லாம். அதன்படி போட்டுருவேன்.”

“படத்தைப் பாக்காமலா?”

“நம்ம குடும்பப் படம்னா பாப்பேன். பொம்பளைங்க அறையில எடுத்ததுல அடுத்த வீட்டுப் பெண்கள் தலை திறந்து உக்காந்திருப்பாங்க. அதை நான் பாக்கலாமா? பாஹியா கவுத்துக் குடுப்பா. நான் முதுகை மட்டும் பாத்து வருஷத்தைப் போடுவேன்.”

“திரை மேல ஒரு துண்டு வேற,” என்றாள் பாஹியா. “ஆபரேஷன் பண்ற டாக்டர் மாதிரி உக்காந்திருப்பார்.”

“அந்த மூணு வருஷத்துப் படங்கள் நிறையவா?”

“கம்மி,” என்றார் முக்தார். “ஒரு சுருள் முடியவே ரெண்டு வருஷம் ஆச்சு. கேமராவும் கையுமா ஸ்டுடியோவுக்கு நடந்து போக யாருக்குத் தைரியம்?”

“கடைசியா யார் எடுத்தாங்க?”

“நர்ஜிஸ். கல்யாண மண்டபத்துல ஓடவிடப் படம் பொறுக்கணும்னு கேட்டா. பாத்துட்டுத் திருப்பி வெச்சுட்டா. அவளை விடு. கல்யாணப் பொண்ணு, ஒரு வாரமா வாசல் தாண்டல. தூனியா வீட்டுக்குப் பறந்தா போவா?”

அடுத்து வலீத், நர்ஜிஸின் அண்ணன். கதவு நிலையில் சாய்ந்தபடியே பேசினான்.

“நேத்து நான் தூனியா அத்தைக்கு காஸ் சிலிண்டர் கொண்டுபோனேன். கைவிலங்கு வெச்சிருக்கீங்களா, இல்ல அன்னாபாலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“உனக்கும் மாமாவுக்கும் இந்தப் படத்தால சண்டையாமே.”

“இன்டர்நெட்ல ஏத்தி வைங்கன்னேன். ‘நம்ம பொம்பளைங்க படத்தை ஊர் பேர் தெரியாத எவனோட கம்ப்யூட்டர்லயோ வைக்கச் சொல்றியா’ன்னு மூணு நாள் பேசல. அதுக்காக வாளியில போடுவேனா? போடறதா இருந்தா நான் பல்லில்லாம சிரிக்கிற படம் இருக்கிற டிஸ்க்கைத்தான் போட்டிருப்பேன்.”

பதினொரு மணிக்கு ஜகியா வந்தாள், தட்டு நிறைய அக்ரூட் மிட்டாயோடு. கூடத்தில் முக்தாரைக் கண்டதும் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். முக்தார் தட்டைப் பார்த்தார். தொடாமல் எழுந்து போய்விட்டார். மிட்டாயைத் தொடாமல் போவது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை. ஜகியாவின் முகம் வெளுத்தது.

“என்னம்மா ஆச்சு இந்த வீட்டுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

வஸீலா அவளை அடுக்களைக்கு அழைத்துப்போனாள். “உங்க கொழுந்தன் படம் ஏதாவது இந்த வீட்ல உண்டா?”

“அவனா? கேமராவைக் கண்டா ஓடுவான். மாறுகண்ணுன்னு வெக்கம். மலைக்குப் போனான்னு ஊர் சொல்லும். அவன் கடல் தாண்டி மார்செயில ரொட்டி சுடறான். நேத்துகூட கல்யாணத்துக்கு வர டிக்கெட் கிடைக்கலைன்னு போன்ல அழுதான்.”

அடுப்புச் சூட்டுக்கு முக்காடு தோளில் நழுவியிருந்தது. வலீத் உள்ளே நுழைந்து தட்டில் கைவைத்தான். ஜகியா அவன் காதைத் திருகினாள். “மூணாவது இது, கழுதை. கல்யாண விருந்தாளிக்கு மிச்சம் வை.” அவன் நான்காவதையும் எடுத்துக்கொண்டு போனான். அவள் நரைத்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, தொடர்ந்து பேசினாள்.

வஸீலா பார்த்தாள். எங்கோ ஒரு முள் தைத்த மாதிரி இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு அவள் பாலத்தில் நடந்தாள். கீழே பள்ளம் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து காக்கைகளின் சத்தம் மட்டும் வந்தது. ஒரு திருடன் ஆறு டிஸ்க்கில் ஒன்றை மட்டும் எடுக்கிறான். இரண்டு கரையிலும் அதே ஒன்றை. அவனுக்கு விலை முக்கியமில்லை. அழிந்தே ஆகவேண்டிய ஒரு படம் அதில் இருக்கிறது. அப்படி ஒரு படத்துக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நினைத்தபடி அவள் நடையை எட்டிப் போட்டாள்.

தூனியா கதவைத் திறந்தவுடன் ஆரம்பித்தாள். “யாருமே வரலைடி. வலீத் நேத்து சிலிண்டரைப் படியில வெச்சுட்டு ஓடிட்டான். உள்ளே காலே வைக்கல.”

“அதுக்கு முன்னாடி?”

“யாருமில்ல. சனிக்கிழமை ஹம்மாம்ல குளிச்சு முடிச்சு நம்ம பொம்பளைங்க வந்தாங்க. நீ அன்னிக்கு இன்னும் ஊர் வரல. மணப்பெண் குளியல் எப்பவும் நம்ம தெருமுனை ஹம்மாம்லதானே. எலுமிச்சைச் சாறு குடிச்சாங்க, தலை காய வெச்சாங்க, பாடினாங்க, போனாங்க. அதையெல்லாம் வந்ததுன்னு கணக்கு வைக்கலாமா?”

“நர்ஜிஸுமா?”

“மணப்பெண் இல்லாம மணப்பெண் குளியலா? தலைவலின்னு என் அறையில கொஞ்சம் படுத்துக்கிட்டா பாவம்.”

நகல் டிஸ்க்குகள் இருந்த தகரப் பெட்டி அந்த அறைக் கட்டிலுக்கடியில்தான் இருந்தது.

வஸீலா அவசரப்படவில்லை. பாலத்தின் நடுவில் நின்றாள். நர்ஜிஸ் ஏழு வருஷம் காத்திருந்து இல்யாஸைக் கட்டப்போகிறவள். அவளே இந்தக் கல்யாணத்தின் மேல் கல் எறிவாளா? எறிந்தாள் என்றால், எறியாவிட்டால் அதைவிடப் பெரிய கல் விழும் என்று நினைத்திருக்கிறாள். அவள் பிறந்தது 1997. அந்த ஆண்டின் படம். பெண்கள் அறைப் படம்.

அப்போதுதான் காலையில் தைத்த முள் எங்கே என்று தெரிந்தது.

நான்கு மணி. நர்ஜிஸ் தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வஸீலா கதவைத் தாழிட்டாள்.

“சனிக்கிழமை தூனியா பெரியம்மா கட்டிலுக்கடியிலேர்ந்து எடுத்ததை எங்க வெச்சிருக்க?”

நர்ஜிஸ் மறுக்கவில்லை. பல நாளாகத் தூங்காதவர்களின் கண் அவளுக்கு.

“எப்படிக்கா தெரிஞ்சுது?”

“மணப்பெண் வாசல் தாண்ட மாட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. குளியலை மறந்துட்டாங்க. உங்கப்பாவுக்கு அது பொம்பளைங்க விஷயம், பெரியம்மாவுக்கு அது விசேஷம். போக்குவரத்துன்னு யாரும் நினைக்கல. டிஸ்க் எங்க?”

நர்ஜிஸ் சீர்ப்பெட்டியைத் திறந்தாள். தங்க ஜரிகை போட்ட வெல்வெட் அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து அது வந்தது.

“இதையும் அழிக்கத்தான் எடுத்தேன். நேத்து ராத்திரி முதல்ல வீட்டு டிஸ்க்கை வாளியில போட்டேன். அதுக்கப்புறம் அப்பா நாலு வருஷம் குனிஞ்சு உக்காந்த முதுகு கண்ணுல நின்னுச்சு. இதைப் போடக் கை வரல.”

“எந்தப் படம்?”

அவள் மடிக்கணினியில் மாட்டித் திறந்தாள். பெண்கள் அறை. இளம்வயது ஜகியா சிரித்துக்கொண்டிருந்தாள். மார்பில் வெள்ளைச் சால்வை. சால்வைக்குக் கீழே இரண்டு பிஞ்சுப் பாதங்கள். வேறொன்றும் தெரியவில்லை. மேலே கோப்பின் பெயர்: 1997.

“அது நான்,” என்றாள் நர்ஜிஸ். “என்னைப் பெத்தப்ப அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்வாங்க. அவங்க பால் குடுத்திருக்காங்க. ஒரு வாய் போதும்க்கா. பால் குடுத்தவ தாய், அவ பிள்ளை கூடப்பிறந்தவன், கட்டிக்கக் கூடாதுன்னு மார்க்கம். இல்யாஸ் எனக்கு அண்ணன் ஆயிடுவான்.”

“அம்மாகிட்ட கேட்டியா?”

“கேட்டா பதில் சொல்லிடுவாங்களே.”

வஸீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

“ஜகியா உங்கப்பா முன்னாடி முக்காடு போடறாங்க. வலீத் முன்னாடி?”

“போட மாட்டாங்க. அவன் அந்த வீட்லயே வளந்தவன்.”

“நீயும் இல்யாஸும்கூட இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளந்தவங்கதான். உங்கம்மா இல்யாஸ் முன்னாடி தலை திறந்து நிப்பாங்களா?”

“மாட்டாங்க,” என்றாள் நர்ஜிஸ்.

“தொழுகை தப்பாத பொம்பளை, முப்பது வயசுக்குப் பக்கத்துல இருக்கிற அடுத்த வீட்டுப் பையன் முன்னாடி கூந்தலை முடியறாங்கன்னா, அவன் அவங்களுக்குப் பிள்ளை. பெறாத பிள்ளை எப்படி? பால்தான் வழி. நீ தினம் பாத்ததாலயே அதைப் பாக்கல. அந்தப் பாதம் வலீத்தோடது.”

“ஆனா வருஷம் தொண்ணூத்தேழுன்னு...”

“அது ஸ்டுடியோவுல பிலிமைக் கழுவின வருஷம், எடுத்த வருஷம் இல்ல. சுருள் ரெண்டு வருஷம் கேமராவுக்குள்ளயே கிடந்துச்சு. உங்கப்பா முதுகை மட்டும் பாத்தார். கண்ணியத்துக்காகக் கவுத்து வெச்ச படம், தப்பான வருஷத்துல போய் உக்காந்துச்சு. அதே சுருள்ல மத்த படங்களைப் பாரு.”

நர்ஜிஸ் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இரண்டு படம் முன்னால், அதே சால்வை, அதே பாய். ஜகியாவின் மடியில் மொட்டைத் தலையோடு கைக்குழந்தை வலீத். சுருளின் கடைசிப் படத்தில் அதே வலீத் நின்றுகொண்டு, பிறந்து சில நாளே ஆன தங்கையைத் தூக்கப் பார்த்தான். ஒரே சுருளுக்குள் இரண்டு ஆண்டுகள்.

“வலீத் குடிச்சான், அதனால வலீத்தும் இல்யாஸும் அண்ணன் தம்பி. நீ குடிக்கல. உனக்கும் அவனுக்கும் தடையில்ல. ஜகியாவுக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா, வலீத் அவளைக் கட்டிடக் கூடாதேன்னு இதை ஊரறியச் சொல்லி வெச்சிருப்பாங்க. ஒரே பையன். சொல்லவேண்டிய தேவை வரல.”

நர்ஜிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வஸீலா அழவிட்டாள். பயந்தவர்களிடம் முதலில் காட்டவேண்டியது நியாயமல்ல, பொறுமை.

“எழுந்திரு. அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா அது பிடிபட்டது. நீ சொன்னா ஒப்புக்கிட்டது.”

கூடத்தில் முக்தார் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டார். டிஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“படத்துக்காகக்கூட இல்லம்மா. இது பாவமா இருந்திருந்தா, தெரிஞ்சே ஆயுசு முழுக்க அதைச் சுமந்திருப்பியா?”

“சுமந்திருக்க மாட்டேன்ப்பா. அது நேத்து ராத்திரி வாளியில போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.”

பாஹியா வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள். “வலீத் பிறந்து நாப்பது நாள்கூட ஆகல. நான் ஆஸ்பத்திரியில. சாலையை மூடிட்டாங்க. இவன் அழுதது சுவர் வழியா ஜகியாவுக்குக் கேட்டுச்சு. ஊரடங்குல, மொட்டைமாடி வழியா ஏறி வந்தா. வெளிய தலை நீட்டினா சுட்டுருவாங்கன்னு தெரிஞ்சே வந்தா.”

முக்தாரின் முகம் மாறியது. காலையில் அவர் தொடாமல் போன தட்டு இன்னும் மூடாமல் அடுக்களையில்தான் இருந்தது. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“எங்கப்பா?”

“பக்கத்து வீட்டுக்கு. மன்னிப்பு கேக்கணும்.”

“நானும் வரேன். நான்தான் முதல்ல கேக்கணும்.”

“நீ பயத்துல செஞ்ச. நான் அந்த வீட்டையே சந்தேகப்பட்டேன். நான்தான் முதல்ல.”

அப்பாவும் மகளும் அடுத்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தும் யார் முதலில் என்ற வழக்கு தீரவில்லை. ஜகியா கதவைத் திறந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

“என்ன, முகமெல்லாம் சாவு வீடு மாதிரி? யாராவது மௌத்தாயிட்டாங்களா?”

“இல்ல மாமி,” என்றாள் நர்ஜிஸ். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன வாரமே கேட்டிருக்கணும்.”

“கேளேன். அதுக்கு எதுக்கு வாசல்ல நிக்கற? உள்ள வா.”