பதினெட்டாவது அடி

சாயங்காலம் நாலரை மணிக்கு சிஞ்சு பால் சேர்க்காத கட்டன் சாயா இரண்டு கிளாஸ் போடுவாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு சந்தனம் தாத்தாவுக்கு.

வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறும் எஸ்டேட் ரோட்டின் கடைசியில் அவர்களுடைய லயம் இருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் ஆறு வீடுகள். மூன்று வீடுகளில் பூட்டு தொங்கியது. அதில் ஒன்றில் போன வருடம்வரை அவள் தோழி ஷிஜி இருந்தாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால், ஷிஜி சுவரில் வரைந்த மீன் இன்னும் தெரியும். சிஞ்சு சில நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்பாவுக்குக் கொச்சியில் ஓட்டல் வேலை. அம்மா மாரீஸ்வரி கொழுந்து பறித்துவிட்டு வர ஆறு மணி ஆகும். அதுவரை பேச்சுத்துணைக்கு தாத்தா மட்டும்தான். அவர் சொந்தத் தாத்தா இல்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பேச வேறு ஆள் கிடையாது.

இரண்டு வாரமாக தாத்தா சாயாவைத் தொடவில்லை.

"வேண்டாம் புள்ள. வயிறு சரியில்ல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் சரியில்ல."

தண்ணீரும் குடிப்பதில்லை. உதடு வெடித்திருந்தது. காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்க தாத்தா."

தாத்தா வெளியே பெய்த மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

லயத்துக் கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. பின்கதவைத் திறந்து, முற்றத்தில் நடந்து, ஓடையின் மேல் போட்ட பலகைக்கல்லைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் இரவு அங்கே போகும்போது தாத்தா விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. திருப்பூரில் இருக்கும் மகன் பாண்டீஸ்வரன் போனில் சத்தம் போட்டார். "இன்னொரு தடவ விழுந்தீங்க, வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"சாயங்காலம் குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். எந்திரிச்சா விழணும். விழுந்தா திருப்பூர் போகணும். அதான் குடிக்கல" என்றார் தாத்தா. "கணக்கு சரியா?"

"சரிதான். ஆனா தலை சுத்துதே?"

"அது வேற கணக்கு."

சிஞ்சு சிரிக்கவில்லை. தாத்தா போய்விட்டால் நான்காவது வீட்டிலும் பூட்டு தொங்கும்.

"டார்ச் அடிச்சுட்டுப் போகலாம்ல?"

"ஒரு கையில கம்பு. ஒரு கையில குடை. டார்ச்சை வாயில கவ்விக்கிடவா? அதெல்லாம் வேண்டாம் புள்ள. முப்பது வருசமா நடந்த பாதை. கதவுலயிருந்து பதினெட்டு அடி வைக்கணும். இடது பக்கம் திரும்புனா கல்லு. கண்ணை மூடிட்டே போவேன்."

அன்று இரவும் மழை. கரண்ட் போய்விட்டது. லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். சிஞ்சு படுத்தபடியே கேட்டாள். பின்கதவு திறந்தது. தாத்தா எண்ணிக்கொண்டே போனார்.

"பதினாறு... பதினேழு... பதினெட்டு."

சளக் என்று ஒரு சத்தம்.

சிஞ்சு எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவை எழுப்பினாள். அதற்குள் தாத்தாவின் கதவு திரும்பச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தாத்தா!" என்று சுவருக்கு மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கு. ஒரு கால்தான் ஓடையில போச்சு. ஒரு கால் போறது விழுந்த கணக்குல வராது."

காலையில் மழை விட்டிருந்தது. சிஞ்சு பல் தேய்த்துக்கொண்டே பின்முற்றத்துக்கு வந்தாள். செம்மண் சேற்றில் தாத்தாவின் செருப்புத் தடங்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் கம்பு ஊன்றிய சின்னச் சின்னக் குழிகள்.

அவள் எண்ணினாள். சரியாகப் பதினெட்டு. பதினெட்டாவது தடம் இடது பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு முன்னால் கல் இல்லை. ஓடைதான் இருந்தது. பலகைக்கல் இன்னும் தள்ளி, கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

தாத்தா பொய் சொல்லவில்லை. கல்லும் நகரவில்லை. அப்படியானால்?

"தாத்தா, கொஞ்சம் வாங்க. கதவுலயிருந்து கல்லு வரைக்கும் நடங்க. நான் எண்ணுறேன்."

தாத்தா நடந்தார். இருபத்துநான்கு அடி.

"தப்பா எண்ணிட்டே" என்றார் தாத்தா. திரும்பி வந்து மறுபடியும் நடந்தார். அப்போதும் இருபத்துநான்குதான்.

"தாத்தா, நீங்க எண்ணுனது சரி. உங்க அடிதான் குட்டியாயிருச்சு. முந்தி வச்ச அடியில இப்ப முக்கால்தான் வைக்கிறீங்க."

தாத்தா தன் கால்களையே பார்த்தார். யாரோ கேட்காமல் எதையோ எடுத்துப் போய்விட்டதுபோல இருந்தது அவர் முகம். சிஞ்சுவுக்கு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"சரி, இனிமே இருபத்துநாலு எண்ணுறேன்" என்றார் மெதுவாக.

"குளிர்ல முட்டி வலிச்சா?"

"இன்னும் குட்டியாத்தான் வைப்பேன்."

"அப்ப இருபத்தாறு ஆயிரும். எண்ணவே கூடாது தாத்தா."

எண்ணாமல் எப்படிப் போவது? பள்ளிக்கூட பஸ்ஸில் சிஞ்சு அதையே யோசித்தாள். வளைவில் பஸ் சாய்ந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேலே இருந்த கம்பியைப் பிடித்தார்கள். சிஞ்சுவுக்குக் கை எட்டவில்லை. இந்தக் கம்பி இடுப்பு உயரத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். உடனே பின்முற்றத்துக் கொடிக்கயிறு ஞாபகம் வந்தது.

அந்த நைலான் கயிறு தாத்தாவின் பின்கதவுத் தூணிலிருந்து கொய்யா மரம்வரை போகும். தலைக்கு மேலே கட்டியிருக்கும். அதில் துணி காயப்போடுவது கடைசி வீட்டுப் பெரியம்மாள் அத்தை.

"கீழே இறக்குறதா?" சாயங்காலம் சிஞ்சு கேட்டதும் அத்தை இடுப்பில் கை வைத்தாள். "என் சேலை எல்லாம் சேத்துல கிடக்கணுமா? ஏட்டி, நீ வந்து துவைச்சுக் குடுப்பியா?"

"சேலையை நாலா மடிச்சுப் போடலாம் அத்தை. சாயங்காலம் எடுத்துட்டாப் போதும். ராத்திரி தாத்தாவுக்கு."

"ராத்திரி உங்க தாத்தா என் கொடியில காயப்போறாரா?"

சிஞ்சு சேற்றில் இருந்த தடத்தைக் காட்டினாள். அது எங்கே திரும்புகிறது என்று காட்டினாள். அத்தை குனிந்து ஓடையைப் பார்த்தாள். பிறகு கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அம்மா வந்ததும் மூன்று பேருமாகக் கட்டினார்கள். தூணிலிருந்து கொய்யா மரம்வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. மரத்திலிருந்து கல்லைத் தாண்டி, கழிப்பறை வாசல்வரை இன்னொரு கயிறு. மரம் கையில் பட்டால் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

"ஒரு கையில கம்பு, ஒரு கையில கயிறு" என்றார் தாத்தா. "குடை?"

அம்மா தன் பழைய கொங்காணியைக் கொண்டுவந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் முக்காடு.

"பொம்பளைக போடுறதை நான் போடவா? ஃபேக்டரி ஆளு நான்!"

"ராத்திரி யாருண்ணே பார்க்கப்போறா? அட்டைப்பூச்சிதான் பார்க்கும்" என்றாள் பெரியம்மாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பாண்டீஸ்வரன் வந்தார். கையில் ஒரு பெரிய காலிப் பை. சிஞ்சு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லு சிஞ்சு. அப்பா மறுபடி விழுந்தாரா?"

தாத்தா கூரையைப் பார்த்தார். சிஞ்சு மறுபடியும் பையைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் பை காலியாகவே போய்விடும்.

"விழல மாமா. ஆனா செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு கால் ஓடைக்குள்ள போச்சு" என்றாள். "அதுக்கப்புறம் போகல. வந்து பாருங்க."

பாண்டீஸ்வரன் பின்முற்றத்துக்கு வந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தானே நடந்தார். கை மரத்தில் பட்டது. திரும்பினார். கல்லைத் தாண்டினார். வாசலைத் தொட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

வாசலில் கட்டியிருந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"அடுத்த மாசம் வரும்போது இரும்புக் குழாய் வாங்கிட்டு வாரேன்" என்றார். "கயிறு மழையில தொய்யும்."

"என் சேலையையும் தாங்குற மாதிரிக் குழாயாப் பார்த்து வாங்குப்பா!" என்று கடைசி வீட்டிலிருந்து குரல் வந்தது.

மதிய பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். பை மடித்தபடியே அவர் கக்கத்தில் இருந்தது. பஸ் வளைவில் மறையும்வரை தாத்தா ரோட்டில் நின்றார். சிஞ்சுவும் பக்கத்தில் நின்றாள். பிறகு மலை பழையபடி அமைதியாகிவிட்டது.

நாலரை மணிக்கு சிஞ்சு சாயாவைக் கொண்டுபோனாள். குடிப்பாரோ மாட்டாரோ என்று தாத்தாவின் கிளாஸில் பாதிதான் ஊற்றியிருந்தாள்.

தாத்தா கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன புள்ள, உன் சாயாவும் குட்டியாயிருச்சா?" என்றார். "போய் நிறைய ஊத்திட்டு வா."