மூன்றாம் தொட்டியின் வால்வு

கரண்டு போய்க் கம்ப்ரஸரும் நின்றுவிட்டது, காற்றழுத்த முள் பூஜ்யத்தில் கிடந்தது, ஆனாலும் மூன்றாம் தொட்டிக்கு அடியிலிருந்த வால்வு புஸ்ஸென்று மூச்சு விட்டது.

நீலமேகத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ கசந்தது. குடவாசல் பக்கத்து அந்த நவீன அரிசி ஆலையில், அவியும் நெல்லின் புளித்த வாடையும் உமிப்புகையும் மதியப் புழுக்கத்தில் குழம்பி நிற்க, கண்ணாடி அறையின் ஆபரேட்டர் நாற்காலியில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக அவன் ஆசைப்பட்ட நாற்காலி. அவன் அப்பா காரியம் பார்த்த பண்ணையில் கதிர் அறுத்தவர் அவள் அப்பா வீரையன். நில உச்சவரம்புச் சட்டத்தில் அதில் ஒரு துண்டு வீரையனுக்குப் போனது. இப்போது ஐ.டி.ஐ. படித்து வந்த மகளுக்கு நாற்காலியும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் கரண்டு போனதும் தொட்டிக்கு அடியில் குனிந்துபோய் அந்த வேலையைச் செய்தான். வால்வு காற்றுக்கு மடை மாதிரி. ஒரு குழாயில் காற்றை விட்டால் தொட்டியின் அடிக்கதவு மூடும், மறு குழாயில் விட்டால் திறக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டான். கரண்டு வந்து காற்று ஏறியதும் மூட வேண்டிய கதவு திறந்துகொள்ளும், அரைவேக்காட்டு நெல் அத்தனையும் தரையில் கொட்டும். பழி அவள் தலையில் விழும்.

புஸ்.

“அண்ணே, கேக்குதா? காத்தே இல்லாம எப்படிங்க?” செவ்வந்தி டார்ச்சை எடுத்தாள். “நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

பார்த்தால் குழாய் மாறியிருப்பது தெரிந்துவிடும்.

“நீ இரும்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மெஷின் பாத்தவன் நான்!” டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு அடியில் நுழைந்தான்.

உள்ளே இருட்டு. இரும்புக் கதவின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. எங்கோ நீராவி குளிர்ந்து சொட்டியது. வால்வில், வேலை முடிந்த காற்று வெளியேறும் சின்னத் துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான்.

ஊதவில்லை. உள்ளே இழுத்தது.

ஐயோ. வால்வு மூச்சு விடும். உள்ளே இழுக்குமா என்ன!

விரல் வரவில்லை. டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, மறுகையால் குழாய்களைப் பழையபடி மாற்றப் பார்த்தான். வேர்வையில் வழுக்கியது.

“பயப்படாதீங்கண்ணே!” வெளியிலிருந்து செவ்வந்தி குரல் கொடுத்தாள். “கரண்டு வந்ததும் கதவு தானா இறுக மூடிக்கும்!”

பல்பு எரியவில்லை. கம்ப்ரஸர் ஓடவில்லை. கரண்டு வரவில்லை.

கதவு நகர்ந்தது. ஒரு விரற்கடை.

ஒரு நெல் நெற்றியில் விழுந்தது. சுட்டது. இன்னொன்று.

விரலை விடாமல், வால்வு நிதானமாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.